இரைப்புக்கு மருந்து உண்டு, ரோட்டுப் புகைக்கு?

இரைப்பு, இருமலோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "வேலைக்கு எதில் போறீங்க?" என்றுதான். "ஸ்கூட்டர்லதான் டாக்டர், தினமும் ஒரு மணி நேரம்" என்பார்கள். ஆடாதோடையும் தூதுவளையும் சளியை இளக்கும். மறுநாள் காலை சிக்னலில் மறுபடி அதே புகை!

வண்டிப் புகையில் இரண்டு சங்கதி. கரியமில வாயு பூமியைச் சூடாக்குகிறது. அதனால் இருமல் வராது. கூடவே வரும் நுண்துகள்கள்தான் நுரையீரலின் அடிவரை போய் உட்கார்ந்துகொள்கின்றன. இரண்டையும் கக்குவது ஒரே குழாய்!

"மின்சார ரயிலுக்கும் கரண்ட் நிலக்கரியிலிருந்துதானே வருது?" என்று ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்வி. நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரிதான். ஆனால், இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. ஒரு ரயிலில் நூற்றுக்கணக்கானவர்கள் போகிறார்கள். தலைக்குக் கணக்குப் பார்த்தால், தனியாகக் காரில் போவதைவிடப் புகை வெகு குறைவு. (அனல் மின்நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள், அதுவும் நியாயமே.)

டிக்கெட் காசை மட்டும் நம்பிப் பாதை போட முடியாது. அரசுப் பணம் வேண்டும். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். மத்திய அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. மத்திய, மாநில அரசுகளின் பணத்தோடு ஜப்பான் உள்ளிட்ட வெளிநாட்டுக் கடனும் சேருகிறது. "அம்மாடி, இவ்வளவா!" என்று மலைக்கிறவர்கள், வீட்டில் இன்ஹேலருக்கும் பெட்ரோலுக்கும் வருஷத்துக்கு எவ்வளவு ஆகிறதென்று கூட்டிப் பார்க்கட்டும்.

என் குறை வேறு. ஸ்டேஷனில் இறங்கினால் பல இடங்களில் நடக்க நடைபாதை இல்லை. அரை கிலோமீட்டருக்குப் பெரியவங்க ஆட்டோ பிடிக்கிறாங்க. சர்க்கரை நோயாளிக்கு நான் எழுதித் தரும் நடைப்பயிற்சி அங்கேயே போச்சு.