பழைய லேண்ட் ரோவருக்குச் சாமான் வாங்குமுன்

பினாங்கில் கொடிமலைக்கு ஏற ரயில் ஒரு வழி. தண்ணீர்மலைப் பக்கம், தாவரப் பூங்கா அருகே தொடங்கும் சுமார் 5 கி.மீ. ஜீப் பாதை இன்னொரு வழி. அந்தச் செங்குத்துப் பாதையில் ஆளையும் சுமையையும் ஏற்றி இறக்கப் பல காலம் உழைத்தவை லேண்ட் ரோவர் போன்ற ஃபோர்வீல் வண்டிகள். 1948இல் வந்த லேண்ட் ரோவரின் 'சீரிஸ்' வரிசை 1985இல் நின்றுவிட்டது. அதாவது, கடைசியாக வந்த சீரிஸ் வண்டிக்கே இன்று சுமார் 40 வயதாகிறது.

இவ்வளவு பழைய வண்டிக்குச் சாமான் எங்கே கிடைக்கும் என்பதுதான் வாங்குபவரின் முதல் கவலை. பெரும்பாலும் கிடைத்துவிடும். பிரிட்டனில் இந்த வண்டிகளுக்கென்றே சாமான் விற்கும் கடைகள் இன்றும் உண்டு. உண்மையான செலவு, தவறான சாமானை வாங்குவதில்தான் வருகிறது.

கிரான்டில் உள்ள ஆண்டு போதாது

லேண்ட் ரோவர் பெரும்பாலும் நட்டு போல்ட்டில் கட்டிய வண்டி. ஒன்றின் கியர்பாக்ஸ் இன்னொன்றில் உட்காரும்; ஒன்றின் ஆக்ஸில் இன்னொன்றின் கீழே போகும். அரை நூற்றாண்டில் இப்படி எத்தனை மாற்றங்கள் நடந்தன என்பதைக் கிரான்ட் சொல்லாது. எனவே எஞ்சின், கியர்பாக்ஸ், முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் என ஒவ்வொன்றின் கூட்டிலும் அடித்திருக்கும் எண்ணைச் சுத்தம் செய்து, படம் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணின் கடைசியில் வரும் ஆங்கில எழுத்தையும் விடாதீர்கள். தொழிற்சாலையில் வடிவமைப்பு மாறியபோது அந்த எழுத்தும் மாறியது.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பின் ஆக்ஸில் ஓர் உதாரணம். 88 அங்குல (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) வண்டிக்கு ரோவர் ஆக்ஸில். 109 அங்குல சீரிஸ் 3 வண்டிக்கு 1972 முதல் சாலிஸ்பரி ஆக்ஸில். பழைய ரோவர் ஆக்ஸிலின் ஆஃப் ஷாஃப்ட்டில் 10 பற்கள், சாலிஸ்பரியில் 24. ஒன்று மற்றதில் நுழையவே நுழையாது. வண்டியின் பின்னால் குனிந்து பாருங்கள். நடுவில் பருத்து, பின்புறம் போல்ட் போட்ட மூடி இருந்தால் அது சாலிஸ்பரி.

டிஃபரென்ஷியல் விகிதத்தையும் பார்க்க வேண்டும். சீரிஸ் வண்டிக்கு 4.7, ரேஞ்ச் ரோவரில் 3.54. வேகம் கூட்ட 3.54க்கு மாற்றுவோர் உண்டு. பின்னால் மட்டும் மாற்றி முன்னால் விட்டுவிட்டால், ஃபோர்வீல் போட்ட நொடியில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றையொன்று இழுக்கும். மண்ணில் சறுக்கித் தப்பிக்கலாம். காய்ந்த சிமென்ட் பாதையில் ஷாஃப்ட் உடையும்.

எங்கே தேடுவது

செபெராங் பிறைப் பக்கம் உள்ள ஆஃப் கட் கடைகளில் குவிந்திருப்பவை ஜப்பான் வண்டிகளின் சாமான்கள். டொயோட்டா, மிட்சுபிஷி ஃபோர்வீல்காரர்களுக்கு அது சுரங்கம். லேண்ட் ரோவர்காரர் கேமரன் மலை பக்கம் போவது நல்லது. அங்கே காய்கறித் தோட்டங்களில் பழைய லேண்ட் ரோவர்கள் இன்றும் ஓடுகின்றன. அவற்றோடு பழகிய போமன்களும் இருக்கிறார்கள்.

பேரிங்கும் ஆயில் சீலும் வேண்டுமென்றால் அவ்வளவு தூரம் போக வேண்டாம். பேரிங்கில் பொறித்த எண்ணைச் சாதாரண பேரிங் கடையில் காட்டினாலே போதும். சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் அளந்து சொல்லுங்கள். அளவுகள் அங்குலத்தில் இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வரவழைக்கும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதையும் கப்பல் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பிரேக் சிலிண்டர், பிரேக் ஹோஸ், ஸ்டீயரிங் மூட்டு இவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது.

பொருத்தும்போது

முன் சக்கரத்தின் உள்பக்கம் பளபளக்கும் உருண்டையைச் சுற்றி ஆயில் கசிவது இந்த வண்டிகளின் பழைய நோய். சீலை மட்டும் மாற்றிப் பலர் ஏமாறுகிறார்கள். உருண்டையின் குரோம் பூச்சில் துருக்குழி விழுந்திருந்தால், அது புதுச் சீலையும் அரைத்துத் தின்றுவிடும். நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் சிக்கினால் உருண்டையையும் மாற்ற வேண்டும்.

திரும்பக் கட்டும்போது, சக்கரம் திரும்ப உதவும் மேல் ஊசிக்கு அடியில் இருந்த மெல்லிய தகடுகளை அப்படியே போட்டு மூடிவிடாதீர்கள். அவைதான் உருண்டையின் மேல் உள்ள கூடு எவ்வளவு இறுக்கமாகத் திரும்பும் என்பதைத் தீர்மானிக்கின்றன. சீல் போடுவதற்கு முன் ஸ்டீயரிங் கையில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்து, கையேட்டில் சொன்ன அளவு வரும்வரை தகடுகளைக் கூட்டிக் குறைக்க வேண்டும். இறுக்கம் குறைந்தால் ஓடும்போது முன் சக்கரம் ஆடத் தொடங்கும்.

ஸ்பேனரிலும் கவனம் வேண்டும். அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. 13 மி.மீ. ஸ்பேனர் சேர்வதுபோல் தோன்றி, துருப்பிடித்த போல்ட்டின் தலையை உருட்டிவிடும். அங்குல ஸ்பேனர் செட் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாடி அலுமினியக் கலவை, சேஸி இரும்பு. கடற்காற்றிலும் மழையிலும் இரண்டும் நேராகத் தொட்டால் அலுமினியம் வெண்பொடியாக உதிரும். புதுத் தகடு மாட்டும்போது நடுவில் ரப்பரோ பிளாஸ்டிக் வாஷரோ வைத்து, போல்ட்டில் கிரீஸ் தடவுங்கள்.

எஞ்சினையே மாற்றினால்

2.25 லிட்டர் எஞ்சினை எடுத்துவிட்டு ஜப்பான் டீசல் எஞ்சின் வைப்பது மலேசியாவில் வழக்கமானதுதான். எஞ்சின் எண் கிரான்டில் இருப்பதால் வாகனப் பரிசோதனையும் ஜேபிஜே பதிவும் கட்டாயம். பழைய எஞ்சின் வாங்கும்போதே முறையான ரசீதையும் இறக்குமதிப் பத்திரங்களையும் கேட்டு வாங்குங்கள். அவற்றைத் தராத கடையில், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்காதீர்கள்.