முகூர்த்த நாளும் கணினி போடும் திட்டமும்

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் உத்தியோகம் பார்க்கும் நம்மவர்களில் பலருக்கு, ஊரில் சொந்தமாக ஒரு வீடு கட்டிவிட வேண்டும் என்பது நெடுநாளைய ஆசை. மனை வாங்கிவிடுகிறார்கள், வங்கிக் கடனும் கிடைத்துவிடுகிறது. அதன் பிறகுதான் கஷ்டம் தொடங்குகிறது. உள்ளூரில் இருப்பவர் மாலையில் ஒரு நடை போய்ச் சுவர் எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று பார்த்து வரலாம். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவருக்குத் தொலைபேசியும், "அடுத்த வாரம் முடிஞ்சிடுங்க ஐயா" என்ற மேஸ்திரியின் வாக்கும்தான் துணை.

அந்த வாக்கை நம்பி ஒரு குடும்பமே பயணப்பட வேண்டியிருக்கிறது. 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னர்தான் தொடங்குகிறது. அதற்கு முன்பு 120 நாட்களாக இருந்தது. பொங்கலை ஒட்டிய நாட்களுக்கு, பதிவு தொடங்கிய சிறிது நேரத்திலேயே இடங்கள் தீர்ந்துபோவதை அன்பர்கள் அறிவார்கள். தை மாதத்தில் கிருகப்பிரவேசம் என்றால், கார்த்திகையிலேயே வீடு முடியுமா முடியாதா என்று தெரிந்தாக வேண்டும். குழந்தைகளின் பள்ளி, அலுவலகத்து விடுப்பு, வாடகை வீட்டை விடும் தேதி எல்லாம் அந்த ஒரு விடையைப் பொறுத்தவை.

நம் இளைஞர்களில் அநேகர் பிறருடைய பாலத்துக்கும் ஆலைக்கும் திட்டம் போடும் மென்பொருளை அலுவலகத்தில் நாள்தோறும் கையாள்கிறார்கள். அதையே சொந்த வீட்டுக்கும் பயன்படுத்தலாம். வேலைகளை ஒன்றோடொன்று தொடுத்து நாள் கணக்கிடும் இம்முறை புதியதன்று. 1957-ல் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியைச் சேர்ந்த மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்டைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லியும் யூனிவாக் கணினியைக் கொண்டு இதை வகுத்தார்கள். மறு ஆண்டில் அந்நாட்டுக் கடற்படை, போலாரிஸ் ஏவுகணைக்காகப் 'பெர்ட்' என்னும் முறையைக் கண்டது. அன்று ஓர் அறையை அடைத்துக்கொண்டு நின்ற யந்திரத்தின் வேலையை இன்று மடிக்கணினி செய்கிறது. மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் பலருக்குப் பழக்கமானது. விலை கொடுக்க மனமில்லாதவர்களுக்கு ப்ராஜெக்ட்லிப்ரே இலவசமாகக் கிடைக்கிறது. முன்னதை வைத்தே இங்கே விளக்குகிறேன்.

முதலில் கவனிக்க வேண்டியது ஒன்று. 2010-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து இம்மென்பொருளில் புதிதாக எழுதும் வேலைகள் யாவும், நாம் மாற்றாதவரை, 'மேனுவலி ஷெட்யூல்டு' என்ற நிலையிலேயே அமைகின்றன. அதாவது, நாம் எழுதிய தேதி அப்படியே நிற்கும். முந்தைய வேலை ஒரு மாதம் தள்ளிப்போனாலும் அது அசையாது. பார்வைக்கு அழகான பட்டியல்தான். சுவரில் மாட்டிய காலண்டருக்கும் அதற்கும் வேற்றுமையில்லை. திரையின் அடிவரியில் 'நியூ டாஸ்க்ஸ்' என்று காணும் இடத்தை அழுத்தி 'ஆட்டோ ஷெட்யூல்டு' என்று மாற்றிக்கொள்ள வேண்டும். இனித் தொடங்கும் எல்லாத் திட்டங்களுக்கும் அதுவே வேண்டுமானால், 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'ஷெட்யூல்' என்ற வழியில் சென்று நிலையாக அமைத்துவிடலாம். ஏற்கெனவே எழுதிய வேலைகள் இதனால் மாறிவிடுவதில்லை. அவற்றைத் தேர்ந்தெடுத்துத் தனியே மாற்ற வேண்டும்.

மாற்றிய பின் தேதிகளை எழுதக் கூடாது. திட்டத்தின் தொடக்க நாள் ஒன்றைக் கொடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நாள், அது எந்த வேலைக்குப் பின் வர வேண்டும் என்ற இரண்டை மட்டும் எழுதினால் போதும். சென்ட்ரிங் அடித்தபின் கம்பி கட்டுதல், கம்பி கட்டியபின் மின் குழாய் பதித்தல், அதன் பின் கான்கிரீட். தேதிகளை யந்திரம் கணக்கிட்டுக்கொள்ளும். பழக்க தோஷத்தால் இடையில் ஒரு தேதியை எழுதிவிட்டாலோ, 'இந்நாளுக்கு முன் தொடங்கக் கூடாது' என்ற கட்டுப்பாடாக அதை மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. பிறகு முன்வேலைகள் சீக்கிரம் முடிந்தாலும் அந்த வேலை முன்னே வருவதில்லை. இப்படிப் பத்து வேலைகளுக்கு ஆணி அடித்தவர்கள், "தானாகக் கணக்கிடும் என்றார்களே!" என்று மென்பொருளை நொந்துகொள்வதுண்டு. உலகமே நிச்சயித்த தேதிகளுக்குத்தான் அந்தக் கட்டுப்பாடு பொருந்தும். ஆடி கழிந்து ஆவணியில்தான் பூமி பூஜை என்று பெரியவர்கள் சொல்லிவிட்டால், அது அத்தகைய தேதி.

அப்படியானால் கிருகப்பிரவேச முகூர்த்தம்? அதுவும் நிச்சயித்த நாள்தானே என்று 'மஸ்ட் ஃபினிஷ் ஆன்' என்ற கட்டுப்பாட்டைப் போட்டுவிடத் தோன்றும். அது ஆபத்து. மென்பொருளின் இயல்பான அமைப்பில் கட்டுப்பாட்டுக்கே முதலிடம். ஆகையால் வர்ணம் முடியாவிட்டாலும், தரை போடாவிட்டாலும், கிருகப்பிரவேசம் அந்த நாளிலேயே அமர்ந்திருக்கும். அதற்குப் பதிலாக, அதை வேலைகளின் கடைசியில் தொடுத்து, 'டாஸ்க் இன்ஃபர்மேஷன்' பலகையில் 'அட்வான்ஸ்டு' பக்கத்திலுள்ள 'டெட்லைன்' என்ற கட்டத்தில் முகூர்த்த நாளை எழுத வேண்டும். டெட்லைன் எந்த வேலையையும் பிடித்து நிறுத்துவதில்லை. கணக்கிட்ட நாள் அதைத் தாண்டியதும் சிவப்புக் குறி காட்டி எச்சரிக்கிறது. தொலைவில் இருப்பவருக்கு வேண்டியது அந்த எச்சரிக்கைதான்.

அடுத்தது நாள்காட்டி. மென்பொருளோடு வரும் நாள்காட்டியில் வாரத்துக்கு ஐந்து வேலை நாட்கள். பண்டிகை எதுவும் இல்லை. நம் ஊர்க் கட்டட வேலையோ பெரும்பாலும் ஆறு நாள் நடக்கிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஆட்கள் வரமாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிப்பூச்சு நடவாது. இவற்றை 'சேஞ்ச் ஒர்க்கிங் டைம்' என்ற இடத்தில் நாமே எழுத வேண்டும்.

இதிலும் நுட்பமான ஒன்று உண்டு. கொத்தனாருக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. கான்கிரீட்டுக்கு விடுமுறை கிடையாது. அது இரவும் பகலும் இறுகிக்கொண்டேயிருக்கிறது. சாதாரண போர்ட்லண்டு சிமெண்டானால் குறைந்தது 7 நாள் நீராற்ற வேண்டும் என்றும், நாலரை மீட்டருக்கு மேல் அகலமான தளத்தின் முட்டுக்களை 14 நாளுக்குப் பின்பே எடுக்கலாம் என்றும் ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரவிதி (2000) கூறுகிறது. இவ்வகை நாட்களை எழுதும்போது எண்ணுக்குப் பின் 'இ', 'டி' என்ற இரண்டு ஆங்கில எழுத்துக்களைச் சேர்த்தால், விடுமுறைகளையும் கணக்கில் கொண்டு தொடர்ச்சியாக எண்ணும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தளம் போட்டபின் 14 நாள் காத்திருப்பு. பிறகு உட்பூச்சு 12 நாள், தரை 9 நாள், வர்ணம் 9 நாள். திங்கட்கிழமை தொடங்கினால், உண்மையில் இரண்டு வாரம் காத்திருப்பும், ஆறு நாள் வாரமாக ஐந்து வாரம் வேலையும் சேர்ந்து ஏழாம் வாரச் சனிக்கிழமை முடிகிறது. அமைப்பை மாற்றாத மென்பொருளோ 44 நாட்களையும் ஐந்து நாள் வாரமாக எண்ணி, ஒன்பதாம் வார வியாழக்கிழமை என்று காட்டும். வித்தியாசம் 12 நாள். அதை நம்பியவர் நல்ல முகூர்த்தம் ஒன்றை வீணே கைவிட்டிருப்பார்.

இத்தனையும் செய்தபின் 'தானாக' என்ற சொல்லை அளவுக்கு மீறி நம்பிவிடக் கூடாது. மழையால் ஒரு வாரம் வேலை நடக்கவில்லை என்பது யந்திரத்துக்குத் தெரியாது. நாம் சொல்லாவிட்டால், முடியாத வேலை சென்ற வாரத்திலேயே முடிந்துவிட்டதுபோல் கிடக்கும். பின்வரும் தேதிகளும் நகரா. ஆகவே ஞாயிறுதோறும் மேஸ்திரியைக் கூப்பிட்டு, எது முடிந்தது, மீதி எத்தனை நாள் என்று கேட்டு எழுத வேண்டும். பிறகு 'அப்டேட் ப்ராஜெக்ட்' என்ற கட்டளையில், முடியாத வேலைகளை இன்றைய தேதிக்குப் பின் தள்ளும்படி சொல்ல வேண்டும். "எப்போது முடியும்?" என்று கேட்டால் அடுத்த வாரம் என்றுதான் விடை வரும். "எத்தனை அறை பூசியாகிவிட்டது? ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்" என்று கேட்பதே நலம். தேதியைச் சொல்ல வேண்டியவர் மேஸ்திரி அல்லர்.

அப்படி எழுதியதும் முகூர்த்தத்துக்கு எதிரே சிவப்புக் குறி தோன்றிவிட்டால் கலங்க வேண்டியதில்லை. 'ஃபார்மட்' பகுதியில் 'கிரிட்டிகல் டாஸ்க்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், தாமதித்தால் முகூர்த்தத்தையே தள்ளும் வேலைகள் மட்டும் சிவப்பாகத் தெரியும். தச்சருக்கு இரட்டைக் கூலி கொடுத்து அலமாரியை விரைவுபடுத்துவதால் பயனில்லை என்பதை அப்போது காணலாம். அலமாரிக்குப் பத்து நாள் இடைவெளி இருக்கலாம். நீராற்றும் நாட்களில் கை வைக்கக் கூடாது. உட்பூச்சுக்கு மற்றொரு கொத்தனார் கூட்டத்தை அழைத்தால் என்ன கூலி, எத்தனை நாள் மிஞ்சும் என்று எழுதிப் பார்க்கலாம். வெளிச்சுவர் வர்ணம் கிருகப்பிரவேசத்துக்கு முன் முடிந்தாக வேண்டும் என்று போட்டிருந்த தொடர்பை அறுத்துவிட்டு, சிவப்புக் குறி மறைகிறதா என்று பார்க்கலாம். மறைந்தால் அறுபதாம் நாள் காலையில் டிக்கெட்டுக்கு உட்காரலாம். மறையாவிட்டால் புரோகிதரிடம் மாசி மாதத்து முகூர்த்தம் ஒன்றைக் கேட்டு வைக்க இன்னும் இரண்டு மாத அவகாசம் இருக்கிறது.