கன்னத்தருகே பிடித்துப் பாருங்கள்

குழந்தைக்கு உடை பின்னப்போகிறேன் என்று சொன்னாலே, "பையனா, பெண்ணா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பையன் என்றால் நீலம், பெண் என்றால் இளஞ்சிவப்பு. இதற்கு நேர்மாறாக, பையனுக்குத்தான் இளஞ்சிவப்பு பொருத்தம் என்று 1918இல் ஓர் அமெரிக்க ஆடை வணிக இதழ் எழுதியிருக்கிறது. அதனால் அந்தக் கேள்வியை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

எனக்குக் கோபம் வருவது அடுத்து வரும் பேச்சில்தான். "பிள்ளை கொஞ்சம் கறுப்பு. வெளிர் நிறமாகப் பார்த்து எடு."

என் தங்கை மகளுக்கு நான்கு வயது. ஜூன் விடுமுறைக்குக் குடும்பத்தோடு மெல்பர்ன் போகிறாள். அங்கு அப்போது குளிர்காலம். அவளுக்குக் கம்பளிச் சட்டை பின்ன நூல் வாங்கக் கிளம்பியபோது உறவினர் ஒருவர் இப்படிச் சொன்னார், அதுவும் அவள் காதுபட. சின்னப் பிள்ளைக்கு என்ன புரியும் என்பவர்கள் அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அவளையும் அழைத்துக்கொண்டுதான் சைனாடவுன் பீப்பள்ஸ் பார்க் சென்டருக்குப் போனேன். அங்குள்ள நூல் கடையில் ஒவ்வோர் உருண்டையாக அவள் கன்னத்தருகே பிடித்துப் பார்த்தோம். கடை விளக்கில் நிறம் ஏமாற்றும். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, பகல் வெளிச்சம் விழும் இடத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பது நல்லது. வெளிர் இளஞ்சிவப்பு அவள் முகத்தைச் சோர்வாகக் காட்டியது. கடுகு மஞ்சளை வைத்ததும் முகம் பளிச்சென்று ஆனது. மயில் நீலம், அரக்குச் சிவப்பு, இலைப் பச்சை எல்லாமே எடுப்பாக இருந்தன. நம் பாட்டிமார் பட்டுப்புடவைகளில் இருக்கும் அதே நிறங்கள்! மாநிறத்துக்கு எது அழகு என்று காஞ்சிபுர நெசவாளர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"பெரியம்மா, இதுதான்" என்று மஞ்சளை எடுத்து வைத்துக்கொண்டாள். கோடுகளுக்கு மயில் நீலம்.

இரண்டு நிறங்களைச் சேர்க்கும்போது கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், பாடுபட்டுப் பின்னும் வடிவம் தூரத்தில் எடுபடாது. அடர் நிற நூலில் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்தியும் பார்த்துவிடுங்கள். சாயம் இறங்கினால் அதை வெளிர் நிறத்தோடு சேர்க்கவே வேண்டாம். சிங்கப்பூரிலேயே போடும் உடை என்றால் பருத்தி நூல் போதும்.

உருண்டையைச் சுற்றியிருக்கும் தாளில், நிற எண்ணுக்குப் பக்கத்தில் சாயத் தொகுதி எண் என ஒன்று இருக்கும். எல்லா உருண்டைகளிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகு ஒரு மஞ்சள், கை ஒரு மஞ்சள் என்று ஆகிவிடும். ஓர் உருண்டை கூடுதலாகவே வாங்கி வையுங்கள். அடுத்த ஆண்டு பிள்ளை வளர்ந்து கை குட்டையாகிப் போனால், மணிக்கட்டுப் பட்டியைப் பிரித்து, அதே நூலில் இரண்டு அங்குலம் நீட்டிப் பின்னிவிடலாம்.