கழுவெளி இறாலில் இருளருக்கு என்ன பங்கு?

வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில்; வளர்வது கழியில். பொரிந்த குஞ்சுகள் ஏற்றத் தண்ணீரோடு முகத்துவாரத்தில் நுழையும். உப்பும் நன்னீரும் கலந்த சேற்றில் சில மாதம் மேய்ந்து கொழுத்து, திரும்பவும் கடலுக்குப் போகும். விழுப்புரம் மாவட்டக் கரையில் அவற்றுக்கு வாசல், மரக்காணத்துக்கு அருகே உள்ள எடையன்திட்டுக் கழிமுகம். உள்ளே விரிந்து கிடப்பது கழுவெளி. பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி என்று சொல்லப்படுவது. மடவையும் கொடுவாவும் களி நண்டும்கூட இந்த வாசல் வழியாகத்தான் போய் வருகின்றன. ஆகவே ஏரியில் என்ன அகப்படும் என்பதை ஏரி மட்டும் தீர்மானிப்பதில்லை. பல மைல் தள்ளிக் கடலில் இழுபடும் மடி வலைக்கும் அதில் பங்குண்டு. அந்த மடியைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில், ஏரிச் சேற்றில் கையால் இறால் துழாவும் இருளர் பழங்குடியினருக்கென்று ஓர் இருக்கை கிடையாது.

வடதமிழகக் கழிகளில் இருளர் இறால் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். படகு இல்லை, வலையும் பெரும்பாலும் இல்லை. இடுப்பளவு, சில சமயம் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வார்கள். அகப்பட்டது பறிக்குள் போகும். கைக்கு எட்டியதை மட்டும் எடுக்கிற தொழில் இது. தற்செயலாக வேறொன்று அகப்பட்டால் அதை உயிரோடு விட்டுவிடலாம். இதைவிடச் சேதமில்லாத மீன்பிடிப்பை எந்த ஆய்வுக்கூடமும் இதுவரை வடிவமைத்ததாக எனக்குத் தெரியவில்லை. இறால் இல்லாத நாளில் இதே மக்கள் செங்கல் சூளைக்கும் உப்பளத்துக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறார்கள். அங்கே முன்பணம் வாங்கிக் கொத்தடிமையாகச் சிக்கிய இருளர் குடும்பங்களின் கதைகள் நம் செய்தித்தாள்களில் ஓய்ந்தபாடில்லை. கழியில் வரத்துக் குறைந்தால் அவர்களைச் சூளை இழுத்துக்கொள்கிறது.

கடலில் நடப்பது வேறு கணக்கு. இழுவை மடி அடித்தரையை வாரிக்கொண்டு வரும். இறாலுக்காகப் போடும் மடியில் இறாலைவிட மற்றதுதான் அதிகம் ஏறும்: பொடி மீன், குஞ்சு நண்டு, சங்கு, விலை போகாத எத்தனையோ. ஒரு காலத்தில் இவற்றைக் கடலிலேயே கொட்டிவிட்டு வந்தார்கள். இப்போது கழிவு மீன் என்று கரைக்குக் கொண்டுவந்து மீன்தூள் ஆலைக்கும் கோழித் தீவனத்துக்கும் அனுப்புகிறார்கள். வேண்டாததற்கும் விலை வந்த பிறகு அதைத் தவிர்க்க யாருக்கு மனம் வரும்? 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் இருக்கிறது. விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் மீன்பிடிக்கக் கூடாது என்ற விதி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலமும் இருக்கிறது. ஆனால் மடியில் ஏறியது எத்தனை, எந்த இனம், எந்த வயது என்று படகில் நின்று எண்ணுவதற்கு இங்கே ஆள் ஏறுவது வழக்கமில்லை. எண்ணாத சேதத்துக்கு யாரும் பொறுப்பாளி ஆவதில்லை.

எண்ணப்பட்டது ஆமை மட்டும்தான். அதற்கும் காரணம் வெளியிலிருந்து வந்தது. ஆமை தப்பும் கருவியை நம் இழுவைப் படகுகள் பொருத்துவதில்லை என்று சொல்லி, இந்தியக் கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா 2019இல் வாங்க மறுத்தது. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. ஆமைக்கு அமெரிக்கச் சட்டம் துணை, தீர்ப்பாயம் துணை, இரவில் மணலில் நடந்து முட்டை சேகரிக்கும் கல்லூரிப் பிள்ளைகள் துணை. நல்லதுதான். மடவைக் குஞ்சுக்கு அப்படி யாரும் இல்லை.

கடலோரக் குப்பங்களின் நிலைமையை இருளரோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. அழகன்குப்பம், எக்கியார்குப்பம், அனுமந்தைக்குப்பம், கூனிமேடுகுப்பம், பொம்மையார்பாளையம் என்று நீளும் இந்தக் கரையில் பெரிய துறைமுகம் ஏதும் இல்லை. ஃபைபர் படகுகள்தான் அதிகம். ஆனால் குப்பம் என்றால் ஊர்ப் பஞ்சாயத்து உண்டு. எந்த வலையைப் போடலாம், எந்த வலையைப் போடக் கூடாது, மீறினால் என்ன அபராதம் என்று பஞ்சாயத்தார் கூடி முடிவு செய்வார்கள். அதிகாரிகளும் அவர்களை அழைத்துத்தான் பேசியாக வேண்டும். ஒரு நாள் சாலையில் உட்கார்ந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலை நின்றுவிடும் என்பது மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரியும்.

அந்தப் பலம் இருந்தும் அவர்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. சுருக்குமடி வலையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அதை 2000ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. 2021 ஜூலையில் கடலூர், விழுப்புரம் பக்கத்து மீனவர்களில் ஒரு பகுதியினர் அனுமதி கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். இன்னொரு பகுதியினர் தடை நீடிக்க வேண்டும் என்றார்கள். அடுத்த மாதமே புதுச்சேரியில் வீராம்பட்டினத்துக்கும் நல்லவாட்டுக்கும் இதே வலையால் மோதல் வெடித்து, காவல்துறை வானத்தை நோக்கிச் சுட வேண்டிவந்தது. கடைசியில் 2023 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்காலமாக ஒரு வழி சொன்னது: 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை. கிழமை பார்த்து மீன் வருமா என்று கரையில் சிரித்தார்கள். சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். சண்டை போட்டவர்களுக்கு ஒரு பதிலாவது கிடைத்தது. கழியின் உள்ளே இறால் துழாவுபவரிடம் யாரும் கேள்வியே கேட்கவில்லை.

இதே கதை பெரிய அளவில் நடக்கும் இடம் அலாஸ்கா. அங்கே எல்லாம் தலைகீழ்: சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும். யூகான், கஸ்கோக்விம் ஆற்றங்கரைப் பழங்குடிகள் கோடையில் அதைப் பிடித்து, கீறி, புகையில் உலர்த்திக் குளிர்காலத்துக்கு வைப்பார்கள். நடுவே இருக்கும் பெரிங் கடலில் பொல்லாக் என்னும் மீனைப் பிடிக்கக் கப்பல்கள் இழுவலை போடுகின்றன. உலகின் பல துரித உணவுக் கடைகளில் ரொட்டிக்கு நடுவே வைத்துத் தரும் மீன் அதுதான். அந்த வலையில் சால்மனும் ஏறுகிறது. 2007இல் மட்டும் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சினூக் சால்மன்கள் ஏறின. பிறகு உச்சவரம்பு வைத்தார்கள்: 60,000, ஆற்றில் வரத்துக் குறைந்த ஆண்டென்றால் 45,000. கப்பலில் கண்காணிப்பாளர் நின்று ஒவ்வொரு சால்மனையும் எண்ணுகிறார். அப்படியும் ஆற்றில் மீன் திரும்பவில்லை. கடல் சூடேறியதுதான் முதன்மைக் காரணம் என்கிறார்கள் அறிவியலாளர்கள். இருந்தாலும் 2024இல் அலாஸ்கா மாநிலமும் கனடாவும் யூகான் ஆற்றில் சினூக் பிடிப்பதை ஏழு ஆண்டுகளுக்கு நிறுத்திவைத்தபோது அடுப்பு அணைந்தது ஆற்றங்கரையில்தான். கப்பல்கள் வரம்புக்குள் தொழிலைத் தொடர்ந்தன.

முடிவெடுப்பது வட பசிபிக் மீன்வள மேலாண்மைக் குழு. ஓட்டுப் போடும் உறுப்பினர் 11 பேர். பழங்குடிக்கென்று ஓர் இடம் சட்டத்தில் இல்லை. கூட்டத்தில் மைக்கைப் பிடித்துச் சில நிமிடம் பேசலாம், கேட்டுக்கொள்வார்கள், பிறகு வேறு யாரோ கை தூக்குவார்கள். 2023இல் இரண்டு பழங்குடிக் கூட்டமைப்புகள் நீதிமன்றத்துக்குப் போனதன் பின்னால் இந்தச் சலிப்பும் உண்டு. அங்கேயும் பழங்குடிகள் அனைவரும் ஒரே பக்கத்தில் இல்லை. 1992இல் தொடங்கிய ஒரு திட்டத்தால் பெரிங் கடலோரத்தின் 65 கிராமங்களுக்குப் பொல்லாக் பிடிப்பில் பத்தில் ஒரு பங்கு உண்டு. இழுவலை லாபத்தில் பள்ளிக்கும் வேலைக்கும் பணம் வரும் கிராமமும், சால்மன் இல்லாமல் தவிக்கும் கிராமமும் ஒரே மக்கள்தான். நம்மூர்ச் சுருக்குமடிச் சண்டையைப் பார்த்தவருக்கு இது புதிதல்ல.

அலாஸ்காவுக்குத் தெற்கே, வாஷிங்டன் மாநிலக் கரையில் கதை வேறு. 1850களில் நிலத்தை எழுதிக் கொடுத்தபோது, வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையைப் பழங்குடிகள் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தார்கள். நூறாண்டுக்கு மேல் அது சரியாக மதிக்கப்படவில்லை. மீன்பிடித்தவர்களைக் கைது செய்தார்கள். 1974இல் நீதிபதி போல்ட், பிடிக்கத்தக்க சால்மனில் பாதி அவர்களுடையது என்று தீர்ப்பளித்தார். 1979இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. இன்று அந்தக் கடலுக்கான பசிபிக் மேலாண்மைக் குழுவில் பழங்குடிக்கு ஓட்டுள்ள இடம் சட்டப்படியே உண்டு. உரிமை முதலில் காகிதத்தில் ஏறியது; நாற்காலி பிறகு வந்தது. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அழைப்பு வரவில்லையே என்று ஏங்குவதைவிட, எழுதப்பட்ட உரிமை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டுவது மேல் என்று நான் நினைப்பதற்கு இந்த வேறுபாடே காரணம்.

அப்படி ஓர் உரிமை நம் நாட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைக் காட்டு மக்களுக்கானது, மலைக்கானது என்றே நினைத்துப் பழகிவிட்டோம். அதன் 3ஆம் பிரிவு நீர்நிலைகளின் மீனையும் பிற விளைபொருளையும் சமூக உரிமையாகச் சொல்கிறது. வனநிலம் என்றால் எவையெல்லாம் என்று பட்டியலிடும்போது சரணாலயங்களையும் சேர்த்துச் சொல்கிறது. கழுவெளியில் 5,151.60 ஹெக்டேர் பரப்பைத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. சரணாலயம் வந்தால் மீன்பிடி போய்விடுமோ என்பதுதான் கரைக்காரர்களின் முதல் பயம். ஆனால் அதே அறிவிப்பு, இறால் துழாவும் உரிமையைச் சட்டப்படி கேட்கவும் வழி திறந்திருக்கிறது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், சரணாலய எல்லைக்குள் யாருக்கு என்ன உரிமை என்று ஆட்சியர் விசாரிக்க வேண்டும் என்கிறது. வனத்துறையின் கருத்தைக் கேட்டு அதைத் தொடர அனுமதிக்கவும் இடம் தருகிறது.

வன உரிமைச் சட்டத்தின் பாதை நம் ஊர் வழியாகவே போகிறது. கிராம சபை வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். அதில் மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள். மரக்காணம் வட்டத்தின் மனு என்றால் திண்டிவனம் கோட்ட அளவிலான குழுவுக்குப் போகும். கடைசி முடிவு விழுப்புரத்தில், ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவில். இந்த இரு குழுக்களிலும் உள்ளாட்சி உறுப்பினர் மூவர் இருக்க வேண்டும். அவர்களில் இருவராவது பழங்குடியினராக, ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். அலாஸ்காக்காரர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் இருக்கை இங்கே விதியிலேயே போடப்பட்டிருக்கிறது.

முட்டுக்கட்டை சாதிச் சான்றிதழ். பழங்குடியினர் என்றால் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து வாழ்ந்ததைக் காட்டினால் போதும். மற்றவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, இருந்ததை நிரூபிக்க வேண்டும். மிக நலிந்த பழங்குடிகளில் ஒன்று என்று மத்திய அரசே பட்டியலிட்ட இருளருக்கு, பழங்குடி என்ற சான்றிதழ் பல வட்டாட்சியர் அலுவலகங்களில் எளிதில் கிடைப்பதில்லை. தொண்ணூறுகளிலிருந்து திண்டிவனத்தில் இயங்கிவரும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் பேராசிரியர் பிரபா கல்விமணியும் இந்த ஒரு தாளுக்காகச் செலவிட்ட உழைப்பு கொஞ்சமல்ல. பிள்ளைகளின் படிப்புக்கு என்றுதான் பலரும் அதைப் பார்க்கிறார்கள். கழுவெளிக் கரையில் அதுவே மீன்பிடி உரிமைக்கும் திறவுகோல்.

இதைக் குப்பத்து மீனவருக்கு எதிரானதாக யாரும் திரித்துவிடக் கூடாது. தங்களையும் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று அவர்கள் நெடுங்காலமாகக் கேட்கிறார்கள். அது தனியாகப் பேச வேண்டியது. முகத்துவாரம் இருவருக்கும் பொது. அழகன்குப்பத்திலும் ஆலம்பரைக்குப்பத்திலும் அரசு திட்டமிட்ட மீன்பிடித் துறைமுகங்களை, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு இல்லாமல் தொடரக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் நிறுத்திவைத்தது. துறைமுகம் வந்தாலும் வராவிட்டாலும் அந்த வாசலில் கைவைக்கும் எந்தத் திட்டமும் இறால் குஞ்சின் வழியில் கைவைக்கும். எழுதப்பட்ட உரிமை உள்ளவரைக் கேட்காமல் அப்படிச் செய்வது கடினம். உரிமை இல்லாதவரைக் கேட்க வேண்டிய கட்டாயமே இல்லை.

எனவே மாவட்ட ஆட்சியருக்கு ஒரு வேண்டுகோள். கழுவெளிக்கான எந்த மேலாண்மைத் திட்டமும் முடிவாகும் முன், மரக்காணம், வானூர் வட்டங்களில் ஏரியை ஒட்டிய ஊர்களில் இதற்கென்றே கிராம சபைகளைக் கூட்டுங்கள். எந்த மாதத்தில் எந்த இறால் வருகிறது, எது வருவது நின்றது என்று இருளர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். கடல் மடியின் சேதத்தை அளக்க அதுவும் ஓர் ஏடு. மீன்வளத் துறையும் வனத்துறையும் ஒரே மேசைக்கு வரட்டும்.

படித்த இளைஞர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சமூக உரிமைக்கான மனு, வன உரிமை விதிகளில் உள்ள இரண்டாவது படிவம். பட்டாவும் ரசீதும் இல்லையே என்று தயங்க வேண்டாம். ஊர்ப் பெரியவர் சொல்வதை எழுதிக் கொடுத்தால் அதுவும் சான்று. பாரம்பரியமாக மீன்பிடித்த இடங்களும் சான்றுப் பட்டியலில் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கின்றன. அந்தப் படிவம் எளிதாகவும் இலவசமாகவும் கிடைக்கச் செய்வது கோட்டக் குழுவின் கடமை என்று விதி சொல்கிறது. திண்டிவனம் சார் ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள்.