பனியில் சறுக்குவது அப்புறம்... முதல்ல மேல ஏறணுமே!

மார்கழி விடியலில் ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறீர்களா? எதிரே இருக்கும் டீக்கடைகூட கண்ணுக்குத் தெரியாது. "என்னா பனி!" என்று மஃப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டு, டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வோம். ஜவ்வாது மலையில் நாம் பார்க்கிற பனி அவ்வளவுதான். புகை மாதிரி வரும், வெயில் ஏறியதும் போய்விடும். காவலூர் வானாய்வகம் இருக்கும் இடமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர்தான். சறுக்கி விளையாடுகிற பனி வேண்டுமென்றால் வடக்கே இமயமலைக்குத்தான் போக வேண்டும்.

"இந்த லீவுக்கு குல்மார்க் போறோம், ஸ்கீயிங் கத்துக்கப் போறோம்" என்று உங்கள் வீட்டிலும் யாராவது கிளம்பியிருந்தால், இது உங்களுக்கான கட்டுரை. எல்லோரும் கேட்கும் கேள்வி, "விழுந்தா அடிபடுமா?" என்பதுதான். விழுவீர்கள். சரிவு குறைவான இடத்தில் புதுப்பனியில் விழுந்தால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே எழுந்துவிடலாம். யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. சறுக்கிக் கீழே வந்தாச்சு, மறுபடி மேலே எப்படிப் போவது?

மலையேறிப் பழகிய கால்தானே என்று நினைக்காதீர்கள். காலில் இருப்பது இரும்பு மாதிரி விறைப்பான பூட்ஸ். அதற்குக் கீழே ஆள் உயரத்துக்குக் கிட்டத்தட்ட நீளமான வழுக்கும் பலகை. நேராக ஏறினால் பின்னால் வழுக்கும். பக்கவாட்டில் நண்டு மாதிரி ஒவ்வொரு அடியாக வைத்துத்தான் ஏற வேண்டும். ஒரு நிமிஷம் சறுக்க, கால் மணி நேரம் ஏறணும். நாலு தடவையில் மூச்சு வாங்கிவிடும். அதுவும் குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரம், காற்றே மெலிந்திருக்கும். சறுக்கு என்பது திரும்பத் திரும்பச் செய்தால் மட்டும் வருகிற வித்தை. ஆக, ஒரு நாளில் நீங்கள் எவ்வளவு கற்றுக்கொள்கிறீர்கள் என்பதை முடிவு செய்வது பயிற்சியாளர் மட்டுமல்ல, அங்கே இருக்கும் லிஃப்ட்டும்தான்.

வாழைத்தாரில் பிறந்த நாற்காலி

நமக்குத் தெரிந்த லிஃப்ட் எது? பழனியில் 1966-லிருந்து வின்ச், 2004-லிருந்து ரோப் கார். ஜவ்வாது மலைக்காரர்களுக்குப் பக்கத்தில் என்றால் சோளிங்கர். 1,300-க்கும் மேற்பட்ட படிகள் ஏற முடியாதவர்களுக்காக 2024-ல் அங்கே ரோப் கார் வந்தது. அதில் ஏறுவதற்கு ஒரு திறமையும் தேவையில்லை. ஊழியர் கையைப் பிடித்து ஏற்றி, கதவைச் சாத்திவிடுவார்.

சேர் லிஃப்ட் அப்படியல்ல. அது நிற்காது. மேலே ஓடும் கம்பியில் நாற்காலிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டு வந்துகொண்டே இருக்கும். நீங்கள் சரியான இடத்தில் நிற்க வேண்டும், நாற்காலி பின்னால் வந்து தொடும், டக்கென்று உட்கார வேண்டும். பீகாரில் ராஜ்கிர் சாந்தி ஸ்தூபிக்குப் போனவர்களுக்கு இது தெரியும். அங்கே ஒற்றை ஆள் நாற்காலி, ஓட ஓடத்தான் ஏற வேண்டும். பனியில் இதையே காலில் பலகையோடு செய்ய வேண்டும்.

இந்த நாற்காலியின் பூர்வீகம் கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். அமெரிக்காவின் சன் வேலியில் 1936-ல் முதல் சேர் லிஃப்ட் ஓடியது. அதை வடிவமைத்த யூனியன் பசிபிக் ரயில்வேயின் பொறியாளர் ஜேம்ஸ் கர்ரன், அதற்கு முன் கப்பலில் வாழைத்தார் ஏற்றும் கருவியில் வேலை செய்தவர். கம்பியில் கொக்கி, கொக்கியில் வாழைத்தார். கொக்கி இருந்த இடத்தில் நாற்காலியை மாட்டினார், வேலை முடிந்தது. வாழைத்தாருக்கு பயம் கிடையாது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

ஓடுற பஸ்ல ஏறுற கணக்கு

சாதாரண சேர் லிஃப்ட்டில் நாற்காலி கம்பியோடு இறுகப் பிணைக்கப்பட்டிருக்கும். கம்பி என்ன வேகமோ, நாற்காலியும் அதே வேகம். பனிச்சறுக்கு இடங்களில் விநாடிக்கு சுமார் 2.3 மீட்டர், அதாவது மணிக்கு 8 கிலோமீட்டர். பைக்கில் போனால் இது ஒரு வேகமே இல்லை. அசையாமல் நிற்பவரின் முழங்காலுக்குப் பின்னால் வந்து இடித்தால்தான் இதன் அருமை தெரியும். பதறிப்போய்த் திரும்பிப் பார்ப்பார், பலகை ஒன்றன்மேல் ஒன்று ஏறும், பக்கத்தில் நிற்பவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுவார். ஆபரேட்டர் லிஃப்ட்டை நிறுத்துவார். மேலே நடுவானில் தொங்குகிற அத்தனை பேரும் குளிரில் கீழே பார்த்து முறைப்பார்கள். பலர் சறுக்கே வேண்டாமென்று அறைக்குத் திரும்புவது இந்த அவமானத்தால்தான், மலைச் சரிவால் அல்ல.

இதற்குத்தான் வந்தது ஏறும் இடத்து கன்வேயர் பெல்ட். ஓடுகிற பஸ்ஸில் தொற்றி ஏறியவர்களைக் கேளுங்கள். (ஏறச் சொல்லவில்லை, கேட்கத்தான் சொல்கிறேன்.) நின்ற இடத்திலிருந்து கம்பியைப் பிடித்தால் தோள் கழன்றுவிடும். பஸ் போகிற திசையிலேயே கொஞ்ச தூரம் ஓடினால், பஸ்ஸின் வேகமும் நம் வேகமும் நெருங்கிவிடும், ஏறுவது சுலபம். பெல்ட் அந்த ஓட்டத்தை உங்களுக்காக ஓடுகிறது. பனி மட்டத்தில் பதித்திருக்கும் ரப்பர் பெல்ட், நாற்காலி போகிற திசையிலேயே மெதுவாக நகரும். பெல்ட் விநாடிக்கு 0.8 மீட்டர் நகர்கிறது என்று வையுங்கள். உங்களுக்கும் நாற்காலிக்கும் வேக வித்தியாசம் 1.5 மீட்டராகிவிடும், நாம் நடக்கிற வேகம்தான். இடி இல்லை, தொடுதல்தான்.

பெல்ட்டுக்கு முன்னால் ஒரு சின்ன கேட் இருக்கும். முந்தைய நாற்காலி கடந்ததும் திறக்கும். அதனால் எப்போது நகர்வது என்று நீங்கள் கணக்குப் போட வேண்டாம். கேட் திறந்ததும் மெல்ல வழுக்கிப் பெல்ட்டில் நின்றால் போதும், சரியான நேரத்தில் சரியான இடத்தில் இருப்பீர்கள். குழந்தைகள் வரும்போது பெல்ட்டையே கொஞ்சம் உயர்த்திக் கொடுக்கும் வசதிகூட சில இடங்களில் உண்டு. ஒரே ஒரு விஷயம், பெல்ட்டில் நடக்கக் கூடாது. சென்னையில் ஜவுளிக்கடை எஸ்கலேட்டர் முன்னால் ஒரு காலை நீட்டி, இழுத்து, மறுபடி நீட்டி நிற்போமே, அந்தத் தயக்கம் இங்கே உதவாது.

அதைவிட விலை கூடிய ஏற்பாடும் இருக்கிறது. நிலையத்துக்குள் வந்ததும் நாற்காலி கம்பியிலிருந்து கழன்று, விநாடிக்கு ஒரு மீட்டர் அளவுக்கு ஊர்ந்து, ஆள் ஏறியதும் மறுபடி கம்பியைக் கவ்விக்கொள்ளும். வெளியே அது விநாடிக்கு 5 மீட்டர் வரை பறக்கும். அவ்வளவு செலவு செய்ய முடியாத இடங்கள், பழைய லிஃப்ட்டுக்கே பெல்ட்டைச் சேர்த்துக்கொள்கின்றன.

முதல் நாளுக்கு சேர் லிஃப்ட்டே வேண்டாம் என்பது என் கட்சி. சரிவிலேயே நீளமாகப் போட்டிருக்கும் கன்வேயர் ஒன்று உண்டு, மேஜிக் கார்பெட் என்பார்கள். ஏர்போர்ட்டில் நகரும் நடைபாதை மாதிரி. பலகையோடு ஏறி நின்றால் மேலே கொண்டுபோய் விட்டுவிடும். விழுந்தால் ஒரு சாண் உயரத்திலிருந்துதான் விழுவீர்கள். இதில் ஒரு எச்சரிக்கை மட்டும் கண்டிப்பாக நினைவிருக்கட்டும். பெல்ட் முடிகிற இடத்தில் அது உள்ளே சுருளும் இடுக்கு இருக்கிறது. ஏதாவது சிக்கினால் தானாக நிறுத்தும் அமைப்பு இருந்தாலும், அதை நம்பி துப்பட்டா, சால்வை, தொங்கும் மஃப்ளர், பின்னிய ஜடை இவற்றோடு போகாதீர்கள். எல்லாவற்றையும் ஜாக்கெட்டுக்குள் செருகுங்கள். குழந்தை விழுந்தால் கடைசி வரை போகட்டும் என்று விடாமல் உடனே குரல் கொடுங்கள்.

குல்மார்க்கா, அவுலியா?

குல்மார்க்கின் பெருமை கோண்டோலா. 1998-ல் முதல் கட்டம், 2005-ல் அபர்வத் மலைவரை இரண்டாம் கட்டம். "இவ்ளோ தூரம் வந்துட்டு உச்சிக்குப் போகாமலா?" என்று பலகையோடு அதில் ஏறிவிடாதீர்கள். உச்சியில் தேர்ந்தவர்கள்தான் சறுக்க முடியும். வேடிக்கை பார்க்கப் போங்கள், பலகையைக் கீழே வைத்துவிட்டு. கற்றுக்கொள்ளும் இடம் அடிவாரத்தின் மென்சரிவு. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் குல்மார்க்கில்தான் இருக்கிறது.

உத்தரகாண்டின் அவுலியில் 800 மீட்டர் சேர் லிஃப்ட்டும் 500 மீட்டர் ஸ்கீ லிஃப்ட்டும் அமைத்தார்கள். ஜோஷிமட்டிலிருந்து அங்கே போகும் 4 கிலோமீட்டர் ரோப்வே, நிலம் உள்வாங்கியதால் 2023 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. அதனால் பேக்கேஜ் போடுகிறவரிடம் ஹோட்டலில் கீசர் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன், ஆரம்பக்காரர்களுக்கு என்ன லிஃப்ட், இப்போது ஓடுகிறதா என்று கேளுங்கள். துபாயில் சொந்தக்காரர்கள் இருந்தால், 2005-லிருந்து ஒரு மாலுக்குள்ளேயே இயங்கும் ஸ்கீ துபாயில் ஒத்திகை பார்க்கலாம். அங்கேயும் நாலு பேர் நாற்காலி உண்டு.

நாற்காலியில்தான் ஏற வேண்டும் என்றால், ஆபரேட்டரிடம் "முதல் தடவை, ஸ்லோ பண்ணுங்க" என்று கையைக் காட்டிச் சொல்லுங்கள். வெட்கமே வேண்டாம், அது அவர் வேலை. ஊன்றுகோல்களின் வாரை மணிக்கட்டிலிருந்து கழற்றி ஒரே கையில் பிடியுங்கள். முதுகுப் பையை முன்னால் மாட்டுங்கள். திரும்பிப் பார்த்து, முழங்காலை லேசாக மடக்கி, தொட்டதும் உட்காருங்கள். விழுந்தால் எழ முயலாமல் தலையைத் தாழ்த்தி அப்படியே படுத்திருங்கள், நாற்காலி மேலே கடந்துவிடும். இறங்கும்போது பலகையின் முனை மேல்நோக்கி இருக்கட்டும். எழுந்து, நேராக வழுக்கி, ஓரமாகப் போய்விடுங்கள். செல்ஃபி எல்லாம் அப்புறம்தான், பின்னாடியே அடுத்த நாற்காலி வந்துகொண்டிருக்கும்.