தூசு திறந்துவிடும் கதவு

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் செல்லும்போதெல்லாம், அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த பொம்மைகளையும் அகல் விளக்குகளையும் காண்கிறேன். அருகே, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, காய்ந்த பொருள்களைத் தேய்த்துச் சீராக்கும் தொழிலாளர்கள். அவர்களைச் சுற்றி வெண்தூசு. அந்தத் தூசுக்கும் காசநோய்க்கும் உள்ள உறவு நம்மில் பலர் அறியாதது.

காசநோய்க்குக் காரணமான நுண்ணுயிரியைக் கண்டறிந்ததாக ராபர்ட் கோக் 1882 மார்ச் 24-இல் பெர்லினில் அறிவித்தார். ஆனால், அக்கிருமி புகுந்த அனைவரும் நோயாளி ஆவதில்லை. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அத்தொற்று உண்டு. அவர்களுள் வாழ்நாளில் நோய்வாய்ப்படுவோர் 5 முதல் 10 சதவீதத்தினரே என்கிறது உலக சுகாதார நிறுவனம். மற்றவர்களைக் காப்பது எது?

நுரையீரலின் காற்றுப் பைகளில், கிருமிகளை விழுங்கி அழிக்கும் உயிரணுக்கள் காவல் இருக்கின்றன. பீங்கான் கலவையில் களிமண்ணுடன் குவார்ட்ஸும் சேர்கிறது. அது படிக வடிவிலான சிலிக்கா. அதன் நுண்துகளையும் இவ்வுயிரணுக்கள் விழுங்குகின்றன. செரிக்க இயலாமல் மடிகின்றன. பல ஆண்டுகள் இது தொடர்ந்தால் நுரையீரல் தழும்பேறி, 'சிலிக்கோசிஸ்' உண்டாகிறது. அதைக் குணப்படுத்த மருந்தில்லை. காவல் தளர்ந்த அந்த நுரையீரலைக் காசநோய் பற்றும் வாய்ப்பு பல மடங்கு அதிகம்.

உடலின் வலிமையும் இதில் பங்கு வகிக்கிறது. சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஜார்க்கண்டில் நடத்திய ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. நோயாளிகளின் குடும்பத்தினருக்குக் கூடுதல் உணவுப்பொருள்கள் வழங்கியபோது, அவர்களிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது ஏறத்தாழ 39 சதவீதம் குறைந்தது. கிருமி அதேதான், மாறியது உணவு.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது இதுதான்: அகல் விளக்கின் விலையில் மண்ணுக்கும் எரிபொருளுக்கும் கூலிக்கும் கணக்குண்டு, தேய்ந்துபோகும் நுரையீரலுக்குக் கணக்கில்லை. அச்செலவைத் தொழிலாளியின் குடும்பமே சுமக்கிறது.

தடுக்கும் வழிகள் எளியவை. உலர்ந்த தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கலாம். தேய்க்கும் இடத்தில் தூசை உறிஞ்சும் விசிறி அமைக்கலாம். நுண்துகளைத் தடுக்க இயலாத துணிக்குப் பதிலாகத் தரமான முகக்கவசம் வழங்கலாம். சிறு கூடங்களால் தனித்தனியே இயலாதெனில், அரசு மானியம் தரலாம். காசநோய்ப் பரிசோதனையின்போது, 'இருமல் எத்தனை நாள்களாக?' என்பதோடு 'என்ன தொழில் செய்கிறீர்கள்?' என்றும் கேட்க வேண்டும்.

கிருமியைக் கொல்ல மருந்து இருக்கிறது. அது நுழையும் கதவை அடைப்பது தொழிற்கூடத்தில்தான் தொடங்க வேண்டும்.