காது வலியன்று, தாடை வலி
(மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

வருகைப் பதிவின்போது ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்வதற்குக்கூட ஒருவன் அஞ்சுவானா? நான் அஞ்சினேன். பெயர் கூப்பிட்டதும் கையை மட்டும் உயர்த்திவிட்டு அமர்ந்துவிடுவேன். திமிர் பிடித்தவன் என்று பேராசிரியர்கள் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை. வாய் திறந்தால் வலது காதுக்குள் ஊசி ஏற்றுவது போன்ற வலி என்று யாரிடம் போய்ச் சொல்வது?

2023ஆம் ஆண்டு கார்த்திகை மழையில், நண்பனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து வந்தபோது சறுக்கி விழுந்தோம். பின்னிருக்கையில் இருப்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டுமென்று 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. என் தலையில் அன்று ஈரக் கைக்குட்டைதான் இருந்தது. புருவத்தில் ஐந்து தையல், முகவாயில் சிராய்ப்பு. தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்து, உள்ளே ஒன்றுமில்லை என்றார்கள். அம்மா கோவிலுக்குச் சென்று தேங்காய் உடைத்தாள்.

மூன்றாம் வாரம் தொடங்கியது வலி. காதில் சொட்டு மருந்து விட்டேன், குறையவில்லை. காது மருத்துவர் ஒருவர் பார்த்துவிட்டு, காது சுத்தமாக இருக்கிறது என்றார். இன்னொருவர், “எல்லாம் மனசுதான் தம்பி” என்று அனுப்பிவிட்டார். ஸ்கேனில் தெரியாமல் இரத்தம் ஏதும் உறைந்திருக்குமோ என்ற அச்சம் அதன் பிறகுதான் என்னைப் பிடித்தது. இரவெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு விழித்துக் கிடப்பேன். அந்தப் பல் கடிப்பே வலியை வளர்த்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கடைசியில் உண்மையைக் கண்டவர் ஒரு பல் மருத்துவர். என் இரு காதுகளுக்கும் முன்னால் விரல் வைத்து, வாயைத் திறந்து மூடச் சொன்னார். ‘டக்’ என்றது. பிறகு அளவுகோலை வைத்து மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே அளந்தார்: 24 மில்லிமீட்டர். வளர்ந்தவர்களுக்குச் சாதாரணமாக 40 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்குமாம். அவரவர் மூன்று விரல்களை அடுக்கி நுழைக்கும் அளவு. எனக்கு இரண்டு விரலே சிரமப்பட்டு நுழைந்தது.

நண்பர்களே, நீங்களும் காதுக்கு முன்னால் விரல் வைத்து வாயைத் திறந்து பாருங்கள். ஓர் உருண்டை முதலில் சுழன்று, பின்பு முன்னோக்கி வழுக்குவதை உணரலாம். அதுதான் கீழ்த்தாடை எலும்பின் தலை. கதவுக் கீல் போல் சுழல்வதோடு, இழுப்பறை போல் நகரவும் செய்யும் மூட்டு இது. தாடைத் தலைக்கும் மண்டையோட்டின் குழிக்கும் இடையே மெல்லிய தட்டு ஒன்று மெத்தையாக அமைந்திருக்கிறது. முகவாயில் விழும் அடி எலும்பு வழியே ஏறி இந்த மூட்டைத் தாக்குகிறது. தட்டைப் பிடித்திருக்கும் நார்கள் தளர்ந்தால் அது முன்னால் நழுவும். வாய் திறக்கையில் தாடைத் தலை மீண்டும் அதன்மேல் ஏறும்போது எழுவதே அந்த ‘டக்’. மூட்டைக் காக்க எண்ணி மெல்லும் தசைகள் இறுகிக்கொள்கின்றன. இறுகிய தசை தானும் வலிக்கிறது, நெற்றிப்பொட்டையும் வலிக்கச் செய்கிறது.

அப்படியானால் வலி காதில் தெரிவானேன்? மூட்டுக்குச் செல்லும் ஐந்தாம் கபால நரம்பின் கிளை, காதின் முன்புறத்துக்கும் பொட்டுக்கும் சேர்த்தே உணர்வு தருகிறது. வலி எங்கிருந்து வருகிறது என்பதில் மூளை ஏமாந்துபோகிறது. இன்னொரு உறவும் உண்டு. ஊர்வனவற்றில் தாடையைக் கீல் போல் இணைக்கும் இரண்டு எலும்புகளே பாலூட்டிகளில் நடுச்செவியின் சுத்தி எலும்பாகவும் பட்டடை எலும்பாகவும் மாறின. ரெய்கர்ட் என்ற ஜெர்மானிய அறிஞர் 1837இல் கருவளர்ச்சியை ஆராய்ந்து இதற்கு வழிகாட்டினார். இரண்டாம் ஆண்டில் இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் பெற்றவன் நான்! ஆயினும் என் காதோரத்தில் அது நடந்தபோது நினைவுக்கு வரவில்லை.

“மூளையில் ஒன்றுமில்லை, மூட்டில்தான் இருக்கிறது” என்று மருத்துவர் சொன்ன அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன். பாதி மருந்து அதுவே எனலாம்.

மீதி மருந்துக்குப் பொறுமை வேண்டியிருந்தது. ஆறு வாரம் குழைந்த சோறு, ரசம், இட்லி, இடியாப்பம். முறுக்கும் கடலை மிட்டாயும் விலக்கு. பொங்கலுக்குத் தம்பி என் எதிரிலேயே கரும்பு கடித்ததை மட்டும் நான் மன்னிக்கவில்லை. காலையும் மாலையும் வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தடம். கொட்டாவி வந்தால் முகவாயின் கீழ் முட்டியைக் கொடுத்துத் தாங்க வேண்டும். அதற்காக வாயைக் கட்டிப்போட்டு வைப்பதும் தவறு. அசையாத மூட்டு இறுகிவிடும். நாக்கின் நுனியை மேலண்ணத்தில் வைத்தபடி, வலிக்கும் எல்லைக்குச் சற்று முன்வரை மெதுவாகத் திறந்து மூடுவது எனக்குத் தந்த பயிற்சி. நாளைக்கு ஐந்து முறை செய்தேன்.

எல்லாவற்றிலும் கடினமானது பல்லைப் பிரித்து வைப்பதுதான். உண்ணாதபோதும் பேசாதபோதும் உதடுகள் மூடியிருக்கலாம், பற்கள் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. நான் என் நோட்டுப் புத்தகங்களின் ஓரத்திலெல்லாம் சிவப்புப் புள்ளி வைத்தேன். புள்ளி கண்ணில் பட்டால் பல் கடிக்கிறேனா என்று பார்க்க வேண்டும். முதல் நாள் பார்த்தபோதெல்லாம் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். செய்முறை ஏட்டைத் திருத்திய பேராசிரியர், “இது என்னப்பா, அம்மையா?” என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். சிரித்தவர், தாமும் தாடையைத் தளர்த்திக்கொண்டதை நான் கவனித்தேன்.

ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும். தலையில் அடிபட்டபின் ஓயாத வாந்தி, மயக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, காதிலோ மூக்கிலோ இரத்தமோ நீரோ வடிதல் இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பற்கள் முன்போல் பொருந்தவில்லை என்றால் தாடை எலும்பு முறிந்திருக்கக்கூடும். அதற்கு ஒத்தடம் போதாது.

இப்போது என் வாய் 38 மில்லிமீட்டர் திறக்கிறது. ‘டக்’ ஒலி மட்டும் போகவில்லை. வலியில்லாத ஒலிக்கு வைத்தியம் வேண்டாம் என்றார் மருத்துவர். விடுதியில் பக்கத்தில் அமர்ந்து உண்ணும் நண்பனுக்கும் அது கேட்கிறதாம். அன்று மோட்டார் சைக்கிளை ஓட்டி வந்தவன் அவன்தான். ஒலி கேட்கும்போதெல்லாம் தன் தட்டிலிருக்கும் அப்பளத்தை எடுத்து எனக்கு வைக்கிறான். அப்பளம் நமத்துப் போனபிறகு தின்கிறேன்.